படம் போடுகிறவர் வீட்டில் விளக்கு அணைவது எப்போது?

சுவரில் காலண்டர் தொங்குகிறது. அதில் முருகன் சிரிக்கிறார். பக்கத்தில் வள்ளியும் தெய்வானையும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை வரைந்தவர் யார்? அவர் வீட்டில் எப்படி வாழ்ந்தார்? சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிட்டாரா? பிள்ளைகளோடு பேச அவருக்கு நேரம் இருந்ததா?

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் சிலமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். கீழே தோப்பும் வயலும்.

இந்த வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஆணும் பெண்ணும் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டுக்குப் போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் கேரளம். அங்கே ஏலத் தோட்டத்தில் பகல் முழுவதும் வேலை. வேலை முடிந்ததும் ஜீப் கீழே இறங்கும்.

வேலை மலையில். வீடு அடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு மலைச் சாலை இருக்கிறது. உடம்பு நோகும். ஆனால், ஏலச் செடி ராத்திரி பின்னாலேயே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாது!

ராத்திரியும் கதவைத் தட்டுகிற தொழில் ஒன்று உண்டு. அதுதான் படம் போடும் தொழில்.

காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி, கடைப் பலகை, புத்தக அட்டை, ஏலக்காய்ப் பொட்டலம். இவற்றில் எல்லாம் படமும் எழுத்தும் இருக்கின்றன. எது பெரிதாக இருக்க வேண்டும், எது சிறிதாக இருக்க வேண்டும், எந்த வண்ணம் கண்ணை இழுக்கும் என்று யோசித்து அமைத்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் அவரை "விளம்பர ஓவியர்" என்றார்கள். "கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்" என்றும் சொன்னார்கள். இப்போது அவருக்கு "கிராபிக் டிசைனர்" என்று பெயர். தூரிகை போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தொல்லை மட்டும் போகவில்லை.

இரவு 11 மணிக்கு ஒரு போன்

ஊரில் ஒருவர் இறந்துவிட்டார். "கண்ணீர் அஞ்சலி" பேனர் வேண்டும். எப்போது? விடிவதற்குள்! சாவு நேரம் பார்த்து வருவதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த டிசைனர் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொள்கிறார். "இந்த நேரத்திலா?" என்று கேட்க முடியுமா? துக்க வீட்டுக்காரரிடம் அப்படிக் கேட்டால் அவர் மனிதரா?

துக்கத்துக்கு ஓடலாம். காதணி விழாவுக்கும் அப்படித்தான் ஓட வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பே நாள் குறித்திருப்பார்கள். பேனர் ஞாபகம் முதல் நாள் மாலையில்தான் வரும். படங்கள் போனில் ஒவ்வொன்றாக வந்து சேரும். பாதிப் படத்தில் முகம் தெரியாது. தாய்மாமன் படம் கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டால், மறுநாள் பந்தலில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். "படத்தைப் போட்டவன் யார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்!

பிறகு திருத்தங்கள். "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் மாத்துங்க." "பேரை இன்னும் பெரிசாக்குங்க." "பழையதே நல்லா இருந்துச்சு." ஒவ்வொன்றும் ஒரு நிமிஷ வேலை என்று கேட்பவர் நினைக்கிறார். இப்படிப் பத்து "ஒரு நிமிஷம்" சேர்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். வீட்டில் சோறு ஆறிவிடும். பிள்ளை தூங்கிவிடும்.

வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்யும் பெண்கள் இன்று பலர். அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஒரு கை தொட்டிலை ஆட்டும். மறு கை படத்தைத் திருத்தும். அலுவலகத்துக்குப் போகிற பெண்ணை "வேலைக்குப் போகிறாள்" என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பெண்ணை "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்கிறார்கள். கடைக்குப் போய்வரச் சொல்வதும் அவளைத்தான். வந்த விருந்தாளிக்குக் காப்பி போடச் சொல்வதும் அவளைத்தான்.

இந்தத் தொல்லை கம்ப்யூட்டரோடு வந்தது அல்ல. நம் நாட்டில் பேர் பெற்ற ஓவியர்கள் பலர் இதில் சிக்கியிருக்கிறார்கள். வீட்டையும் தொழிலையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள்.

கலியாணம் செய்துகொள்ளாத காலண்டர் ஓவியர்

முதலில் கோவில்பட்டிக்குப் போவோம். அங்கே வாழ்ந்தவர் சி. கொண்டையராஜு. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பூஜை அறைப் படமாக இருப்பது இவரும் இவருடைய சீடர்களும் போட்ட படம்தான். பேர் தெரியாதவர்களுக்கும் இவர் கை தெரியும்!

கொண்டையராஜு 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் நல்ல உத்தியோகம் தேடியிருக்கலாம். அவர் மனம் வேறு பக்கம் போயிற்று. திருவண்ணாமலைக்குச் சென்றார். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். பிறகு அங்கிருந்தும் கிளம்பினார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். நாடகக் கம்பெனி என்றால் என்ன? இன்று ஓர் ஊர், அடுத்த மாதம் வேறு ஊர். குடித்தனம் செய்ய வழி ஏது?

1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே "தேவி ஆர்ட் ஸ்டூடியோ" பிறந்தது. பக்கத்தில் சிவகாசி. அச்சகங்களும், தீப்பெட்டி, பட்டாசுக் கம்பெனிகளும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்குக் காலண்டர் வேண்டும். காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். வேலை வந்து குவிந்தது.

கொண்டையராஜு கடைசிவரை கலியாணம் செய்துகொள்ளவில்லை. அப்படியானால் தனி ஆளாக இருந்தாரா? இல்லை! டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் என்று பல சீடர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். அவர்கள்தான் அவருடைய குடும்பம். ஸ்டூடியோதான் வீடு. பழைய காலண்டர் கிடைத்தால் ஓரத்தில் உற்றுப் பாருங்கள். சில படங்களில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கும். ஒன்று குருவுடையது. இன்னொன்று சீடருடையது. படத்தில் சீடன் பேரையும் போட அனுமதித்த குரு அவர்! "என் பேர் மட்டும் இருந்தால் போதும்" என்று நினைக்கிறவர்களே உலகத்தில் அதிகம்.

காலண்டர் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை எல்லாம் சேர்த்து ஆல்பமாக வெளியிடுவார்கள். எப்போது? ஆடிப் பெருக்கு அன்று! ஜனவரியில் மாட்டப் போகிற காலண்டருக்கு ஆடி 18-ல் பூஜை. அதற்கு முன்பே படம் தயாராகிவிட வேண்டும். ஊர் சித்திரைத் திருவிழாவில் இருக்கும்போது, காலண்டர் ஓவியர் அடுத்த வருஷத்துப் பொங்கலில் இருப்பார். பத்திரிகை ஓவியர் கதையும் அதேதான். தீபாவளி மலருக்குப் படம் போடத் தொடங்கும்போது தீபாவளி வெகு தூரத்தில் இருக்கும். நிஜத் தீபாவளி வரும்போது ஓவியருக்குப் புதிதாக என்ன இருக்கும்? மத்தாப்பு எல்லாம் முன்பே தாளில் எரிந்து முடிந்துவிட்டது!

கொண்டையராஜு 1976-ல் காலமானார். தொழிலையும் வீட்டையும் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டதால் அவருக்கு இரண்டுக்கும் சண்டை வரவில்லை. ஆனால் இந்த வழி எல்லோருக்கும் வராது. சீடர்களுக்கே வராது. குருவுக்குக் குடும்பம் இல்லை. சீடர்களுக்குக் குடும்பம் உண்டே!

சம்பளம் 80 ரூபாய்

கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனி. பேர் டி.ஜே. கீமர். 1943-ல் அங்கே ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபாய். விளம்பரங்களுக்குப் படமும் எழுத்தும் அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. அதோடு புத்தகங்களுக்கு அட்டைப் படமும் போட்டார். நல்ல பேர் வந்தது. சம்பளமும் உயர்ந்தது.

அவர்தான் சத்யஜித் ராய். ஆம், சினிமா எடுத்த அதே சத்யஜித் ராய்தான்!

1949-ல் பிஜோயாவை மணந்தார். 1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. மனைவியும் உடன் போனார். அங்கே இருந்த சில மாதங்களில் ஏராளமான படங்கள் பார்த்தார். திரும்பி வரும்போது, தாமும் ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

உடனே வேலையை விட்டாரா? விடவில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. 1952-ல் "பதேர் பாஞ்சாலி" படப்பிடிப்பைத் தொடங்கினார். வாரம் முழுவதும் விளம்பரக் கம்பெனி. விடுமுறை நாளில் படப்பிடிப்பு. பணம் தீர்ந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. இதற்கு நடுவே 1953-ல் மகன் சந்தீப் பிறந்தான். கையில் குழந்தை. கழுத்தில் நகை இல்லை. கணவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பிஜோயா இதையெல்லாம் தாங்கிக்கொண்டார்.

பிறகு மேற்கு வங்காள அரசாங்கம் பணம் கொடுத்தது. 1955-ல் படம் வெளிவந்தது. உலகமே ராயைக் கொண்டாடியது. அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் அந்த அடகுக் கதையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிஜோயாவுக்கு அது ஒரு வரி அல்ல.

44 வயதில்...

"பொன்னியின் செல்வன்" கதை தெரியாத தமிழர் குறைவு. 1950 முதல் 1954 வரை "கல்கி" பத்திரிகையில் அது வாரம் தவறாமல் வந்தது. வந்தியத்தேவனையும் குந்தவையையும் நந்தினியையும் முதன்முதலில் நம் கண் முன்னால் நிறுத்தியவர் ஓவியர் மணியம்.

ஒரு வாரத்துக்கு உண்டான படங்களை முடித்தால் அடுத்த வாரம் வாசலில் நிற்கும். கதை எழுதுகிறவர் கொடுக்கும் தாளைப் படித்து, யார் எங்கே நிற்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று யோசிக்க வேண்டும். சோழர் காலத்து நகை எப்படி இருக்கும்? கோயில் சிலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவும் செய்து, பிளாக் எடுக்கிறவரிடம் நேரத்தோடு கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் பத்திரிகை நிற்காது. இப்படியே மூன்றரை ஆண்டு!

மணியம் 1924-ல் பிறந்தவர். 1968-ல் காலமானார். வயது 44.

மகன் லோகநாதனுக்கு அப்போது 18 வயதுதான் இருக்கும். அப்பா வரைவதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை. அவரும் ஓவியக் கல்லூரியில் படித்தார். தூரிகை எடுத்தார். "மணியம் செல்வன்" என்று பேர் வைத்துக்கொண்டார். பேரிலேயே அப்பாவை வைத்துக்கொண்ட அவரும் பத்திரிகைகளில் ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சம்பாதித்துவிட்டார். அப்பா ஆபீசுக்குப் போய் மட்டும் வேலை செய்திருந்தால் இந்த மகன் எதைப் பார்த்திருப்பான்? வேலை வீட்டுக்குள் வருவதில் இப்படி ஒரு நல்லதும் உண்டு. தொழில் பிடுங்கிக்கொண்ட நேரத்தில் ஒரு பங்கு பிள்ளைக்கே திரும்பி வந்துவிட்டது.

பேசி முடித்துக்கொள்வது

இன்று இந்தத் தொழிலில் நிலைத்து நிற்கிறவர்கள் சில காரியங்களில் கறாராக இருக்கிறார்கள்.

பாதிப் பணம் முன்பணம். அது வந்த பிறகுதான் வேலை. முன்பணம் கொடுத்தவர் தமக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வருகிறார். கொடுக்காதவர் யோசிக்காமல் வருகிறார். அந்த யோசனையையும் டிசைனர் தலையில் போடுகிறார். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் காசு என்று முதலிலேயே சொல்லிவிட்டால், இருபது திருத்தம் நாலாகக் குறைந்துவிடும். சொல்லத்தான் வாய் வருவதில்லை! தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே தெரு. "நம்ம பையன்தானே, போட்டுத் தருவான்" என்று உரிமையோடு வருகிறார்கள். சிறிய ஊரில் தொழில் செய்கிறவருக்கு இதுதான் பெரிய சங்கடம். சென்னையில் வாடிக்கைக்காரர் வேறு, மாமா வேறு. சிலமலை போன்ற ஊரில் வாடிக்கைக்காரரே மாமாவாக இருப்பார்!

வீட்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு மூலையையாவது தனியாக ஒதுக்கிக்கொள்வது நல்லது. சாப்பிடும் இடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தால் சாப்பாடும் உருப்படாது, படமும் உருப்படாது. போனும் அப்படியே. தொழிலுக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர் என்று வைத்துக்கொண்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொழில் போனை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "கண்ணீர் அஞ்சலி"க்கு என்ன செய்வது? அதற்கு ஆள் வீட்டுக்கே வந்துவிடுவார். அவருக்காக எழுந்திருக்கலாம்.

உடம்பையும் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் கண்ணும் கையும்தான் முதலீடு. மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு வலிக்கும். பட்டறைக்காரர் உளிக்குச் சாணை பிடிக்க நேரம் ஒதுக்குகிறார். படம் போடுகிறவர் தம் கைக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

கோபாலன் கோபுலு ஆனார்

கை போனால் என்ன ஆகும்? அதையும் ஒருவர் பார்த்துவிட்டார். அவர்தான் கோபுலு.

அவர் சொந்தப் பேர் கோபாலன். 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தார். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தார். "ஆனந்த விகடன்" பத்திரிகையில் அப்போது புகழோடு இருந்தவர் ஓவியர் மாலி. அவர்தான் கோபாலனைக் கோபுலு ஆக்கினார். 1940-களில் கோபுலு விகடனில் சேர்ந்தார்.

கோபுலு எதை வரைந்தார்? கல்யாண வீட்டுச் சமையல்காரரை வரைந்தார். ரெயிலில் மூட்டையோடு ஏறும் குடும்பத்தை வரைந்தார். திண்ணையில் உட்கார்ந்து வம்பு பேசுகிறவரை வரைந்தார். பாட்டியை வரைந்தார், பேரனை வரைந்தார். ஒரு வார்த்தைகூட இல்லாமல், படத்தைப் பார்த்தே சிரிக்கும்படி பல துணுக்குகள் போட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்! கொத்தமங்கலம் சுப்புவின் "தில்லானா மோகனாம்பாள்" தொடருக்கும், சாவியின் "வாஷிங்டனில் திருமணம்" தொடருக்கும் அவர்தான் படம். அமெரிக்காவில் அப்பளம் இட்ட பாட்டிமார்களை நம் வீட்டுப் பாட்டிமார்கள் போலவே நடமாட விட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகாதவர் கல்யாணப் பந்தலை இப்படி வரைய முடியுமா? பேரனைக் கொஞ்சும் பாட்டியை உட்கார்ந்து பார்க்காதவர் அந்தப் பாட்டியின் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியுமா? வீட்டில் செலவழிக்கிற நேரம் வீண் என்று சில தொழில்காரர்கள் நினைக்கிறார்கள். கோபுலுவுக்குச் சரக்கே அங்கிருந்துதான் வந்தது.

1963-ல் விகடனை விட்டு வெளியே வந்தார். விளம்பரத் துறைக்குப் போனார். 1972-ல் "ஆட் வேவ்" என்ற பேரில் சொந்தமாக விளம்பரக் கம்பெனி தொடங்கினார். அப்போது அவருக்கு 48 வயது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது! சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு ஒரே முதலாளி. சொந்தக் கம்பெனி வைத்தவருக்கு வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரும் முதலாளி. அந்தச் சுமையையும் சுமந்துகொண்டு பத்திரிகைகளுக்கும் படம் போட்டு வந்தார். "குங்குமம்" பத்திரிகைக்கும் சன் டி.வி.க்கும் சின்னம் அமைத்துக் கொடுத்தவரும் அவரே.

வயதான காலத்தில் பக்கவாதம் வந்தது. படுத்தது எந்தக் கை தெரியுமா? வலது கை! வாழ்நாள் முழுவதும் சோறு போட்ட கை.

வேறு ஒருவராக இருந்தால், "போதும், நிறையச் செய்தாயிற்று" என்று இருந்திருப்பார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோபுலு இடது கையில் தூரிகை பிடித்தார். பிள்ளைகள் சிலேட்டில் "அ" எழுதிப் பழகுவதுபோல மறுபடியும் கோடு போட்டுப் பழகினார். இந்தத் தடவை வாசலில் யாரும் படத்துக்காகக் காத்து நிற்கவில்லை. அவசரம் இல்லை. கோடு மெல்ல மெல்லக் கைக்குப் பணிந்தது. மறுபடியும் படம் வந்தது.

2015 ஏப்ரல் 29 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு 90 வயது.